உன்ட அம்மாட போனை நான் ரூட் பண்ணேல்ல

மச்சான்,

நாங்கள் சுகம். கச்சான் காத்து அடிச்சு ஊரே அவியுது, சொட்டை இன்னும் கலியாணம் கட்டேல்ல, கோணேசர் கோவிலடி மான்கள் வழக்கம்போல ஆக்கள்ட பையைத்தான் பாக்குது. நியூஸ் அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வாறன்.

நீ அனுப்பின வொய்ஸ் கேட்டனான். அம்மாட போன் சரியான ஸ்லோ, அப்டேட்டும் நிண்டிட்டுது, நீதானே உன்ட போனை ரூட் பண்ணி (கம்பனி பூட்டி வச்ச சிஸ்டத்தில முழு அதிகாரம் எடுத்து) வச்சிருக்கிறாய், ஒருக்கா உப்புவெளிக்குப் போய் அதையும் தட்டிவிடு எண்டு சொல்லுறாய். தட்டிவிடுறதாம்! ஸ்காபரோவில காருக்கு மேல ஸ்னோ தட்டுற வேலை எண்டு நினைச்சுப்போட்டாய் போல.

ஞாயிறு பின்னேரம் போனனான். போனைப் பாத்தனான். ரூட் பண்ணேல்ல, பண்ணவும் மாட்டன். கோவிக்காம முழுசா வாசி.

முதல் விஷயம், ரூட் பண்ண பூட்லோடரை, அதாவது போன் எழும்பேக்க சிஸ்டத்தைத் தொடக்கிவிடுற புரோகிராமை, அன்லொக் பண்ணோணும், பண்ணின உடனேயே போனில இருக்கிறது எல்லாம் அழியும். அது பிழையில்ல, களவெடுத்தவன் பூட்லோடரைத் திறந்து உள்ள கிடக்கிறதை எடுக்கக்கூடாதெண்டு வேணுமெண்டே அப்பிடி வச்சிருக்கிறாங்கள். சரி பேக்கப் எடுத்திட்டுச் செய் எண்டுவாய். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்கள், எங்க எடுத்தாய் எண்டு ஒருத்தனும் கேக்கமாட்டான். எங்கட கூட்டாளி நெத்தலியும் பேக்கப் எடுத்தவன்தான், அந்த ஃபைல் கிடந்தது அதே போனுக்குள்ள. பேக்கப்பும் போச்சு படமும் போச்சு, பேந்து ஆள் பழைய வேர்ஷனுக்கு இறக்கப் போனவர், அந்த மொடலில ரோல்பேக்கைத் தடுக்கிற பூட்டு இருக்கெண்டு தெரியாம. இப்ப அந்தப் போன் அவன்ட மேசையில பேப்பர் பறக்காம வைக்கத்தான் உதவுது. நான் இதைச் சொன்னதா அவனுக்குச் சொல்லிப்போடாதை.

ரெண்டாவது, அம்மாட்ட இருக்கிறது சாம்சங். அதில நொக்ஸ் எண்டு ஒரு பாதுகாப்புச் சாமான், வெளியால கிடந்து எடுத்த பூட் இமேஜை (போன் எழும்புறதுக்கான ஃபைலை) ஃபிளாஷ் பண்ணி உள்ள ஏத்தினால் உள்ள ஒரு ஃபியூஸ் போயிடும். நிசமாவே ஃபியூஸ், 0x0 எண்டு இருந்தது 0x1 ஆகும், பேந்து ஒரிஜினல் சொஃப்ட்வெயர் போட்டாலும் திரும்பாது. ரகசியமா பூட்டி வைக்கிற செக்யூர் ஃபோல்டர் அதோட சரி. கூகுள்ட பிளே இன்டெக்ரிட்டி செக் வேற இருக்கு, போன் திறந்து கிடக்குதெண்டு தெரிஞ்சால் பேங்க் ஆப் பல்லைக் காட்டும். எனக்குப் பரவாயில்ல, ஒளிச்சு வைக்க வழி தேடுவன், அடுத்த மாசம் அந்த வழி அடைபட்டால் வேற பாப்பன், அது எனக்குப் பொழுதுபோக்கு. நீ அனுப்புற காசு வந்திட்டுதோ எண்டு அம்மா அந்த ஆப்பிலதான் பாக்கிறா. ஒருநாள் காலமை அது திறக்காட்டி ஆருக்கு கோல் வரும்? உனக்கில்ல, எனக்குத்தான் வரும்.

என்ட போன் கதை வேற மச்சான். ஷாவ்மி, அன்லொக்குக்கு விண்ணப்பிச்சால் 168 மணித்தியாலம் பொறு எண்டிச்சு, பொறுத்தன். ஜோன் வூ எண்டவன் 2016ல வெளியில விட்ட மேஜிஸ்க் எண்ட ரூட் பண்ணுற சாமான் இருக்கே, உண்மையாவே கையெடுத்துக் கும்பிடலாம், சிஸ்டத்தில கைவைக்கிறதே இல்ல, பூட் இமேஜை மட்டும் மாத்தும். அந்த ஒரிஜினல் பூட் இமேஜை வச்சிருந்தால் அரைவாசிப் பயம் இல்ல, போன் எழும்பாட்டி லப்டொப்பில குத்தி ஃபாஸ்ட்பூட் கட்டளையால பழசைத் திருப்பிப் போடு, ரூட் போகும், சாமான் எல்லாம் அப்பிடியே கிடக்கும். ஆனா எந்த அப்டேட்டில போன் ஓடுதோ அதே அப்டேட்டின்ட பூட்டா இருக்கோணும், மாசம் மாறிக் கிடந்தால் சில நேரம் வைஃபையும் வராது சவுண்டும் வராது.

அப்டேட் வாற நாள்தான் சடங்கு. டெவலப்பர் ஒப்ஷனில தானா அப்டேட் ஆகிறதை முதலே நிப்பாட்டி வைக்கோணும். மேஜிஸ்க்குக்குள்ள போய் பழைய இமேஜை ரீஸ்டோர் பண்ணு, ரீபூட் பண்ணாதை, அப்டேட்டை இறக்கு, முடிஞ்சு ரீஸ்டார்ட் எண்டு கேக்கும், அதையும் அமத்தாதை, திரும்ப மேஜிஸ்க்குக்குப் போய் மற்ற ஸ்லொட்டில இன்ஸ்டோல் பண்ணு, அதுக்குப் பிறகுதான் ரீபூட். என்ட போனில சிஸ்டம் ரெண்டு ஸ்லொட்டில, ரெண்டு கொப்பியா இருக்கிறதால இந்த வசதி. இதில ஒண்டு முன்பின்னாப் போனால் ரூட் போகும், இல்லாட்டி லோகோவிலயே நிக்கும். இதுக்குப் பதிலா எனக்குக் கிடைக்கிறது என்னெண்டால் நியோ பேக்கப், ஒவ்வொரு ஆப்பையும் அதுக்குள்ள இருக்கிற டேட்டாவோட அப்பிடியே தூக்கி வைக்கும், ரூட் இல்லாம அது ஏலாது. நான் இரவில இருந்து இதை ரசிக்கிறன், மனிசி ஏசுறா. அம்மாவை இந்தச் சடங்குக்குள்ள இழுக்கிறியே, விசரா உனக்கு?

இனிச் சொல்லுறதை ஆறுதலா வாசி.

அம்மா தேத்தண்ணி போடப் போன நேரம் கேலரியைத் திறந்தனான். அப்பான்ட படங்கள். 2004 மார்கழி 26க்குப் பிறகு உங்கட வீட்டில அல்பம் எண்டு ஒண்டும் மிஞ்சேல்லதானே. கொழும்பு மாமி வீட்டில கிடந்தது, சித்தப்பா முந்தியே கனடாக்குக் கொண்டுபோனது, ஆரோ ஒராள்ட கலியாண வீட்டில ஓரமா நிண்டது, எல்லாத்தையும் போற வாற இடத்தில எல்லாம் அம்மா இந்தப் போனால படமெடுத்துச் சேர்த்து வச்சிருக்கிறா. ஒண்டில ட்யூப்லைட் வெளிச்சம் அப்பான்ட நெத்தியில அடிக்குது, இன்னொண்டில கரையில அம்மாட பெருவிரல். உனக்கு இது தெரியுமோடா? எனக்குத் தெரியாது.

எல்லாம் அந்த ஒரே போனில. கூகுள்ட 15 ஜிபி நிறைஞ்சு படம் மேல போறது எப்பவோ நிண்டிட்டுது. 2021 ஆனியில இருந்து புதுப் படம் எல்லாம் அந்த 15க்குள்ளதான் கணக்கு, இப்ப வட்ஸ்அப் பேக்கப்பும் அதுக்குள்ளதான். அதை நிரப்பினது ஆர் எண்டு பாத்தால் உன்ட பெரியம்மா, காலை வணக்கம் வீடியோ நாளுக்கு ஒரு கட்டு. ஸ்டோரேஜ் ஃபுல் எண்டு மேல வாறதை "அது எந்த நாளும் வாறதுதானே தம்பி" எண்டு அம்மா விரலால தள்ளிவிடுறா.

நான் செய்தது இதுதான். சாம்சங்கின்ட ஸ்மார்ட் ஸ்விட்சால முழுசா லப்டொப்புக்கு எடுத்தன், படங்களை வேறயாவும் கொப்பி பண்ணி ஒரு பென்டிரைவில போட்டு, அந்தப் பென்டிரைவை தங்கச்சிட போனில குத்தி ஒவ்வொண்டாத் திறந்து பாத்தன், திறந்து பாக்காத பேக்கப்பை நான் நம்பிறதில்ல. பெரியம்மாட வணக்கங்களை அழிச்சன், சொல்லிப்போடாதை. கம்பனி ஏத்திவிட்ட வேண்டாத ஆப் எல்லாத்தையும் லப்டொப்பில இருந்து கட்டளை குடுக்கிற ஏடிபியால கழட்டினன், அதுக்கு ரூட் தேவையில்ல, ஃபக்டரி ரீசெட் அடிச்சால் திரும்பி வரும் அவ்வளவுதான். போன் இப்ப பறக்கேல்ல, ஆனா நடக்குது. செக்யூரிட்டி அப்டேட் வராதது உண்மை, அதுக்கு ரூட் மருந்தில்ல, புதுப் போன்தான். நீ மார்கழிக்கு வரேக்க ஒண்டு கொண்டுவா, பேங்க் ஆப்பை அதுக்கு மாத்துவம்.

வட்ஸ்அப் பேக்கப்புக்கும் பூட்டுப் போட்டன், 64 இலக்கத் திறப்பு. அதை நான் எழுதி வச்சிருக்க விருப்பமில்ல. அம்மா கொப்பியில எழுதி, காணி உறுதியோட சேர்த்து அலுமாரியில வச்சிட்டா, என்னையும் மற்றப் பக்கம் பாக்கச் சொல்லிப்போட்டுத்தான் வச்சவ.

பென்டிரைவ் என்னட்ட இருக்கு. அடுத்த மாசம் சொட்டையின்ட மச்சாள் ரொறன்ரோ வாறா, அவவிட்டக் குடுத்து விடவோ? உன்ட அட்ரஸ் மாறினதெண்டு சொன்னாய், புதுசை அனுப்பு.

குமார்