வயலுக்குள் கூடாரம் போடுகிறவர்களுக்கு ஒரு இடம்

ஆசிரியர் ஐயா,

போன வருடம் யூலையில் கனடாவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் காரில் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு, வின்னிபெக்கிலிருந்து சஸ்கச்சுவான் மாகாணத்துக்குள் ஐந்து நாள் சுற்றிக் காட்டினார். மலையும் இல்லை, கடலும் இல்லை. பார்க்கிற பக்கமெல்லாம் கோதுமையும் மஞ்சளாய்ப் பூத்த கனோலா என்ற எண்ணெய்ப் பயிரும்தான். மைலுக்கு மைல் சதுரமாக, அதாவது 640 ஏக்கர் ஒரு துண்டு என்று 1870களிலிருந்தே அளந்து பிரித்திருக்கிறார்கள், கிரவல் ரோடும் அந்தக் கோட்டிலேயே நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. ஐந்து ஏக்கர் வேளாண்மைக்கு வரம்புச் சண்டை பிடிக்கிற எனக்குத் தலை சுற்றிவிட்டது.

சரி, சொல்ல வந்தது அதுவல்ல. நாங்கள் தங்கிய குட்டி ஊர்களில் ஓரமாக ஒரு புல்தரை, ஒரு தண்ணீர்ப் பைப், மலசலகூடம், நெருப்பு மூட்ட இரும்பு வளையம். காவலாளி கிடையாது. உறையில் காசை வைத்து, கார் நம்பரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான். யாருடைய காணிக்குள்ளும் இறங்கத் தேவையில்லை.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைக்கும் ஆட்கள் சுற்றிப்பார்க்க வருகிறார்கள். வரட்டும், சந்தோசம், வெட்டு முடிந்த வயல் வட்டையில் நிலவுக்குக் கீழே படுக்கிற சுகம் எனக்கும் தெரியும். ஆனால் போன சிறுபோக வேளாண்மைக்கு முதல் எங்கள் வாடிக்கு, அதாவது வயல் குடிலுக்குப் பக்கத்தில் யாரோ தங்கி, போத்தலை உடைத்துப் போட்டுவிட்டுப் போக, வரம்பு கட்ட இறங்கியவரின் உள்ளங்காலில் ஐந்து தையல். இன்னொரு கூட்டம் வைக்கோலுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டியது. வெல்லாவெளிப் பக்கம் இரவில் யானை வரும், நாங்கள் பரணில் விழித்துக் கிடக்கிறோம், இவர்கள் வாழைப்பழச் சீப்பையும் உள்ளே வைத்துக்கொண்டு துணிக் கூடாரத்துக்குள் குறட்டை விடுகிறார்கள்!

பிரதேச சபைகள் நினைத்தால் யானை வேலிக்கு இந்தப் பக்கம், ரோட்டோரமாக ஒரு ஏக்கர் ஒதுக்கி, ஒரு கிணறும் இரண்டு மலசலகூடமும் கட்டலாம். பெட்டி வைத்தால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மச்சான் சிரித்தார், அதுவும் உண்மைதான். அப்போ ஊர் மாதர் சங்கத்திடம் பொறுப்பைக் கொடுங்கள், அவர்களும் காலையில் பிட்டும் எருமைத் தயிரும் விற்று நாலு காசு பார்க்கட்டும்.

அதுவரைக்கும், வருகிற தம்பிமார் வாடியில் ஒரு குரல் கொடுத்துக் கேளுங்கள். இடமும் காட்டுவோம், தேத்தண்ணியும் தருவோம். போத்தலை மட்டும் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேளாண்மைக்காரன்,
வெல்லாவெளி.