ஆண்டறிக்கை 2024–25: நம் மைதானத்துக்கு டர்ஃப் வேண்டுமா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நம் நகர்க் குடும்பங்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குடியிருப்போர் நலச் சங்கத்தில் நடந்தவற்றை இந்த அறிக்கையில் உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரியாத தெருவிளக்குகள் பெரும்பாலும் மாற்றப்பட்டுவிட்டன. பின்பக்கத் தெருவில் மட்டும் பாக்கி இருக்கிறது. அக்டோபர் மாத மழையில், வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரைக் கொண்டுபோய் நிறுத்திய அந்த நாட்களில், நம் தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பால், ரொட்டி, மருந்து வாங்கிக் கொடுத்த இளைஞர் அணிக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

இனி மைதானம். இந்த ஆண்டு செயற்குழு அதிக நேரம் பேசியதும், உறுப்பினர்களுக்குள் முகம் சுளிக்கும் அளவுக்கு வாக்குவாதம் வந்ததும் இதில்தான். அதனால் இதை விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

பூங்காவை ஒட்டியுள்ள நம் விளையாட்டு மைதானம், லேஅவுட் போட்டபோது பொதுப் பயன்பாட்டுக்காக விடப்பட்ட நிலம். அங்கே டர்ஃப், அதாவது செயற்கைப் புல் போட்டு, சுற்றிலும் வலை கட்டி, இரவு விளக்கும் வைத்துத் தருவதாக ஜூன் மாதம் ஒரு யோசனை வந்தது. செலவை ஒரு தனியார் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியிலிருந்து ஏற்கும். பராமரிப்புக்காக மணிக்கணக்கில் கட்டணம் வசூலிக்கப்படும். சங்கம் ஒப்புதல் கடிதம் மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள்.

நம் இளைஞர்கள் இதை ஆவலோடு வரவேற்றார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் பதிவு செய்வதுதான் முறை. மைதானத்தில் ஐப்பசி, கார்த்திகை முழுக்கச் சேறு. மற்ற நாட்களில் கல்லும் கண்ணாடித் துண்டும். ஒரு பையனுக்கு முட்டியில் தையல் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். கால்பந்து ஆட வேண்டுமென்றால் காசு சேர்த்து வெளியே டர்ஃப் புக் செய்ய வேண்டியிருக்கிறது. இயற்கைப் புல்லில் நாள் முழுக்க ஆடினால் புல் தேய்ந்து மண் தெரியும், அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும், டர்ஃபுக்கு அது வேண்டாம் என்று இளைஞர் அணித் தம்பி ஒருவர் சொன்னார். அது உண்மைதான். “இத்தனை வருஷமா மைதானத்தை யாரும் திரும்பிப் பார்க்கலை. இப்ப யாரோ செஞ்சு தர்றேன்னு வந்தா மட்டும் வேண்டாம்னு சொல்ல வர்றீங்களே” என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நாம் வாயால் சொல்லும் பதில் போதாது, மைதானத்தில் வேலை நடக்க வேண்டும்.

எதிர்ப்பு முதலில் கிளம்பியது புற்றுநோய்ப் பயத்தில். இந்த வகை டர்ஃபில் பிளாஸ்டிக் புல்லுக்கு இடையே, பழைய டயரை அரைத்த ரப்பர் துகளை நிரப்புவார்கள். டயர் ரப்பர் தூளில் விளையாடினால் பிள்ளைகளுக்குக் கேன்சர் வரும் என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஏமி கிரிஃபின், செயற்கைப் புல்லில் ஆடிப் புற்றுநோய் வந்தவர்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அதில் கோல்கீப்பர்கள் நிறைய இருந்தார்கள். வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறை பட்டியலை ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. அந்த வயதில் அத்தனை ஆட்டக்காரர்களுக்குள் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட அதிகமாக நோய் இல்லை என்பதே அதன் முடிவு. நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனமும் 2016 இறுதியில் ஆடுவதால் பெரிய ஆபத்து இல்லை என்றது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை 2024இல் வெளியிட்ட ஆய்வும், ரப்பர் துகளில் ரசாயனங்கள் இருந்தாலும் அவை உடலுக்குள் போகும் அளவு குறைவாகவே இருக்கும் என்கிறது. நம் உறுப்பினரான மருத்துவர் அம்மா இதைச் சிறப்புக் கூட்டத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆகவே ‘கேன்சர் மைதானம்’ என்ற பேச்சைச் சங்கம் தன் கடிதம் எதிலும் பயன்படுத்தவில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றை முன்னால் வைத்தால், நிரூபிக்கப்பட்டவையும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

அதற்காக அந்தத் துகள் சுத்தமானது என்று அர்த்தம் இல்லை. பி.ஏ.எச். என்ற வகை ரசாயனங்கள் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் உள்ள ரப்பர் துகளைப் புதிதாக மைதானங்களில் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆகஸ்ட் முதல் தடை வைத்திருக்கிறது. செயற்கைப் புல்லின் பிளாஸ்டிக் நாரில் பி.எஃப்.ஏ.எஸ். என்ற, எளிதில் சிதையாத ரசாயனம் இருப்பதாகக் கவலை எழுந்ததால், பாஸ்டன் நகர நிர்வாகம் 2022இல் தன் பூங்காக்களில் புதிதாகச் செயற்கைப் புல் போடுவதை நிறுத்தியது. நாங்கள் இந்த இரண்டுக்கும் பரிசோதனைச் சான்று கேட்டோம். வழவழப்பான கேட்டலாக் ஒன்று வந்தது. சான்று இன்றுவரை வரவில்லை.

செயற்குழுவின் மனதை மாற்றியது வெயில். தலைவர், நான், இளைஞர் அணியிலிருந்து இருவர், மகளிர் அணியிலிருந்து ஒருவர் என ஒரு பிற்பகல் அருகில் உள்ள தனியார் டர்ஃப் ஒன்றைப் பார்க்கப் போனோம். கேட்டைத் தாண்டியதுமே பஞ்சர் கடை வாசனை அடித்தது. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். செருப்பைக் கழற்றிய தம்பியால் இரண்டு எட்டுக்கு மேல் நடக்க முடியவில்லை. அங்கே வேலை பார்க்கும் பையன், “நாலரைக்கு மேலதான் சார் ஆள் வருவாங்க, அதுக்கு முன்னாடி யாராலயும் முடியாது” என்றான். கிளம்பும்போது, ஆடி முடித்த சிறுவன் ஒருவன் வாசலில் உட்கார்ந்து ஷூவைத் தட்டினான். ஒரு கைப்பிடி கருப்புத் துகள் கொட்டியது. அதைக் காலால் தள்ளினான். பக்கத்திலிருந்த மழைநீர் வடிகால் மூடியின் ஓட்டைக்குள் அது போய்விட்டது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் இதை அளந்திருக்கிறார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. தார் ரோட்டைவிட அதிகச் சூடு. தண்ணீர் தெளித்ததும் 79இலிருந்து 29 டிகிரிக்கு இறங்கியது, ஆனால் ஐந்தே நிமிடத்தில் மறுபடி 49க்கு ஏறிவிட்டது. யூட்டாவில் 37 டிகிரி என்பது கடும் கோடை. நமக்குக் கத்திரி முடிந்த பிறகும் அது சாதாரண நாள். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கலாமே என்றால், 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. கோடை விடுமுறையில் காலை ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகள் கால் வைக்க முடியாத மைதானம் யாருக்குப் பயன்படும்?

அடுத்தது அந்த வடிகால் விஷயம். முழு அளவு கால்பந்து மைதானத்துக்கு நூறு டன்னுக்கு மேல் ரப்பர் துகள் போடுவார்கள். நம்முடையது அதில் பாதிகூட வராது, இருந்தாலும் டன் கணக்கில்தான் வரும். அது போட்ட இடத்தில் நிற்காது. ஷூவில், உடையில், காற்றில், மழையில் வெளியேறும். குறைந்ததை மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஆண்டுக்குச் சுமார் 16,000 டன் துகள் இப்படி மைதானங்களிலிருந்து சுற்றுப்புறத்துக்குப் போகிறது என்று அவர்களுடைய ரசாயன முகமை கணித்தது. அதனால்தான் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் சட்டத்தின்படி 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே இந்தத் துகளை விற்கவே முடியாது.

நம் தெருக்களின் மழைநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து இன்னொன்றாக மாறுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மழைக்குப் பின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் சாவதற்கு அதுதான் காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கரணையில் சால்மன் கிடையாது. ஆனால் மீன் இருக்கிறது, அதை நம்பி நாரையும் கூழைக்கடாவும் வருகின்றன. சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டாதே என்று மனுக் கொடுத்த சங்கம் நாம். நாமே நம் வடிகால் வழியாகத் துகளை அனுப்பலாமா என்று மகளிர் அணித் தலைவி கேட்டபோது, கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

தேங்காய் நாரும் தக்கையும் கலந்த நிரப்பு போடலாம், ரப்பரே வேண்டாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். நல்ல யோசனை, சில நாடுகளில் போடுகிறார்கள், நார் நம்மிடமே கிடைக்கும். ஆனால் மேலே உள்ள புல் அப்போதும் பிளாஸ்டிக்தான். எட்டு, பத்து ஆண்டில் அது தேய்ந்து, மொத்தத்தையும் சுருட்டி எடுக்க வேண்டும். எடுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டோம். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பெருங்குடிக் குப்பைமேட்டின் புகையை எத்தனை ஆண்டு சுவாசித்தோம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கத்தில் டர்ஃப் இருக்கிறதே, 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அங்கேதானே நடந்தது என்றும் கேட்டார்கள். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து சர்வதேச ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. அதில் பழகாமல் நம் பிள்ளைகள் போட்டிக்குப் போக முடியாது. ஆனால் அது ரப்பர் துகள் இல்லாத, தண்ணீர் தெளித்து ஆடும் தரை. கால்பந்து நிலவரம் வேறு. 2015 மகளிர் உலகக் கோப்பையைக் கனடாவில் செயற்கைப் புல்லில் நடத்தியதற்கு வீராங்கனைகள் சட்டப் போராட்டமே நடத்தினார்கள். 2026 உலகக் கோப்பைக்கு, செயற்கைப் புல் உள்ள அரங்கங்களும் இயற்கைப் புல்லுக்கு மாற வேண்டும் என்பது ஃபிஃபாவின் நிபந்தனை.

இதற்கெல்லாம் மேலாக என்னை உறுத்தியது வலையும் பூட்டும். இன்று காலை ஐந்தரைக்குப் பெரியவர்கள் அங்கே நடக்கிறார்கள். மாலையில் ஒரு மூலையில் கபடி, ஒரு மூலையில் கிரிக்கெட், நடுவே சைக்கிள் பழகும் குழந்தை. பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் வருகிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று போர்டு வைத்த அன்றே அவர்கள் வெளியே நிற்பார்கள். பொதுவுக்கு விட்ட நிலத்தில் அது நடக்கச் சங்கம் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைச் செயற்குழுவிலும் சொன்னேன்.

ஆகஸ்ட் சிறப்புக் கூட்டத்தில் பெரும்பான்மை முடிவாக ஒப்புதல் கடிதம் தரப்படவில்லை. அதே கூட்டத்தில், மைதானத்தைச் சங்கமே முன்னின்று சீர்செய்வது என்றும் முடிவானது. செப்டம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கல்லும் கண்ணாடியும் பொறுக்கினோம். டர்ஃப் வேண்டும் என்று வாதாடிய தம்பிகள்தான் முதல் ஆளாக வந்தார்கள். நன்கொடையில் செம்மண்ணும் மணலும் கலந்து அடித்து, நடுப்பகுதி சற்றே உயர்ந்து ஓரத்துக்குச் சரியும்படி ரோலர் ஓட்டினோம். ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, இரண்டு உறிஞ்சுகுழிகள் போட்டோம். அக்டோபர் மழையில் தண்ணீர் நின்றது, ஆனால் முன்போல மாதக்கணக்கில் தேங்கவில்லை. தெற்கு மூலை மட்டும் இன்னும் சேறாகிறது. அங்கே மூன்றாவது குழி தேவை.

கால்பந்துப் பகுதிக்கு அருகம்புல் கரணை நடலாம் என்று தோட்டக்கலை தெரிந்த உறுப்பினர் சொல்லியிருக்கிறார். வெப்ப நாடுகளின் மைதானங்களில் போடும் பெர்முடா புல் இதே இனம்தான். நாம் பிள்ளையாருக்கு வைக்கிற அதே புல். வெயில் தாங்கும், மிதி தாங்கும், வெட்ட வெட்டப் படரும். வேர் பிடிக்கும் வரை சில வாரம் யாரும் ஆடக் கூடாது, தண்ணீரும் தவறாமல் விட வேண்டும். கோல் வாயில் புல் நிற்காது, அங்கே மண்ணாகவே விட்டுவிடலாம். பாதி மைதானம் முதலில், மீதி அடுத்த ஆண்டு என்று செய்தால் ஆட்டம் நிற்காது.

செயற்குழுவின் பரிந்துரைகள் இவை. மூன்றாவது உறிஞ்சுகுழிக்கும் புல் நடவுக்கும் பொதுக்குழு நிதி ஒதுக்க வேண்டும். தண்ணீர் விடும் பொறுப்பையும் ஆட்ட நேர அட்டவணையையும் இளைஞர் அணியிடம் ஒப்படைக்க வேண்டும். மைதானத்தில் எந்த அமைப்பும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்ற தீர்மானத்தை நிறைவேற்றி, நகல்களை வார்டு கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். இரவு விளக்குக்கான கோரிக்கை மனுவும் அதோடு போகும், ஏனென்றால் வேலைக்குப் போய் வரும் பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கு மேல்தான் நேரம்.

எதிர்க்கருத்து உள்ளவர்கள் இன்றும் பேசலாம். தலைவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார். அதன் பிறகு தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு விட்டு, இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்