ஜோட் குடும்பத்தை விரட்டியது புழுதி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நூல் அறிமுகப் பகுதியில், ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலைப் 'புழுதிப் புயலில் வீடிழந்த ஒரு குடும்பத்தின் கண்ணீர்க் கதை' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனது ஆறவில்லை.

முதல் அத்தியாயத்தில் புழுதி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நாவலின் நாயகர்களான ஜோட் குடும்பத்தை அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலிருந்து கிளப்பியது நிலத்தைக் கையில் வைத்திருந்த வங்கிகளும் நிறுவனங்களும். வீட்டு மூலையை முட்டிப் பெயர்த்தது டிராக்டர். ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். டிராக்டர் ஓட்டி வருபவன் தெரிந்த வீட்டுப் பையன். நாளுக்கு 3 டாலர் கூலி, வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். சுடுவேன் என்கிறார் குத்தகைக்காரர். என்னைச் சுட்டால் இன்னொருவன் வருவான் என்கிறான் அவன். அவனுக்கு மேலே வங்கித் தலைவர், அவருக்கும் கிழக்கிலிருந்து உத்தரவு. அப்படியானால் யாரைத்தான் சுடுவது? 28 ஆண்டுகள் கல்லூரியில் இந்த இடத்தை நடத்தியிருக்கிறேன். "அப்போ யாருமே பொறுப்பு இல்லையா சார்?" என்று யாராவது ஒருவர் கேட்காத ஆண்டே கிடையாது. மழை ஏன் பெய்யவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

வேலை தேடி அவர்கள் கலிபோர்னியாவுக்குப் போன பிறகு நடப்பதற்கும் புயலா காரணம்? 800 பேர் தேவைப்படுகிற இடத்துக்கு 5,000 துண்டறிக்கை அச்சடிக்கிறார்கள். பசித்தவர்கள் கூட்டமாக வந்து நின்றால் கூலி தானாக இறங்கும். பீச் பழம் பறிக்கப் பெட்டிக்கு 5 சென்ட் என்று தொடங்கியது, வேலைநிறுத்தம் உடைந்ததும் பாதியாகிறது. விலை விழக்கூடாதென்று ஆரஞ்சுக் குவியலில் மண்ணெண்ணெய் தெளிக்கிறார்கள், பக்கத்திலேயே குழந்தைகள் சத்தில்லாமல் சாகிறார்கள். 1939இல் வந்த நாவல் இன்றும் சுடுவது இதனால்தான்.

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தடை செய்யப்பட்ட நூல்கள் பற்றிய கட்டுரையில், இந்த நாவல் ஆபாசத்துக்காகத் தடை செய்யப்பட்டது என்று முடித்துவிட்டீர்கள். கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட நூலகங்களில் 1939 ஆகஸ்டில் தடை வந்தபோது, அதன் பின்னால் நின்றவர்கள் பெரும் பண்ணையார்கள். தடையை எதிர்த்து எழுதியவர், அந்த மாவட்டத்தின் நூலகரான கிரெட்சன் நீஃப் என்ற பெண்மணி. இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அட்டைப்படத்தைப் பாராட்டிய நான்கு வரி மட்டும் அச்சில் வந்தது. மொழிபெயர்ப்புத் தொடர் ஒன்றைப் பாதியில் நிறுத்தினீர்கள், காரணம் சொல்லவில்லை. 4 பக்கமாக இருந்த நூல் பகுதி 1 பக்கமாகச் சுருங்கியபோதும் வாசகர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1989 முதல் எங்கள் வீட்டுக்கு உங்கள் இதழ் வருகிறது. சொல்லியிருக்கலாம்.

உங்கள் அறிமுகத்தைப் படித்துவிட்டு இந்த நூலைத் தேடிப் போகும் இளம் வாசகர், புயலைத் தேடிக்கொண்டு போவார். அது எனக்குத் தாங்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், அதில் வங்கி என்ற சொல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஐந்தாம் அத்தியாயம் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்,
கும்பகோணம்