சேவல் இறகு நம் ஊரிலேயே இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம். தூண்டில் மீன்பிடிப்பு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் மீனை ஏமாற்ற முள்ளில் இறகு கட்டிச் செய்யும், நீரில் மிதக்கும் செயற்கை ஈயை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் உண்டு என்று எழுதியிருப்பது சரியில்லை.

காரைக்குடிப் பக்கம் வீட்டுக்கு வீடு நாட்டுச்சேவல் நிற்கிறது, அதன் கழுத்து இறகுதான் இந்த ஈக்கு உயிர். சேவல் இழை விறைப்பாக, பளபளப்பாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. கோழி இறகு மெத்தென்று ஊறி மூழ்கிவிடும்.

சிறிய தூண்டில் முள் ஒன்றில் தேன்மெழுகு தடவிய மெல்லிய நூலைச் சுற்றுங்கள். முதலில் இறக்கை. சின்ன இறகு நுனிகள் இரண்டை, பளபளக்கும் பக்கம் உள்ளே ஒட்டியிருக்கும்படி ஜோடி சேர்த்துக் கட்டினால் அவை தாமாகவே வெளிப்பக்கம் விரியும், அப்புறம் நூலை முன்னால் நெருக்கி அணை கொடுத்து நிமிர்த்துங்கள். வாலுக்கு நாலைந்து இழை, உடம்பு ஒல்லியாக, கடைசியில் இறக்கைக்கு முன்னும் பின்னும் சேவல் இறகைச் சுற்ற வேண்டும். முள்ளின் கண்ணருகே, அதாவது நரம்பு கோக்கும் துளையருகே, இடம் விடாமல் அடைத்துவிட்டால் முடிச்சு நிற்காது.

இந்த ஈக்குப் பேர்போன டிரவுட் மீன் நீலகிரி, மூணாறு குளிருக்குத்தான், நீலகிரியின் அவலாஞ்சியில் 1907 முதல் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ஆனால் மழைக்குப் பிறகு ஈசல் விழும்போது நம் கண்மாயிலும் மேல்மட்டத்து மீன்கள் துள்ளத்தான் செய்கின்றன! கட்டும் முறையைப் படங்களோடு தயவுசெய்து வெளியிடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆசையாகக் கற்பார்கள்.

ஒரு வாசகர், காரைக்குடி