செயலாளரின் ஆண்டறிக்கை: மேல்மலைச் சோலை, புல்வெளிப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் தோல்வி. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் திறந்த சரிவில் நாம் நட்ட சோலைக் (மலைப் பள்ளங்களில் வளரும் பசுமைமாறாக் காட்டின்) கன்றுகளில் பெரும்பாலானவை மார்கழி, தை உறைபனியில் கருகிவிட்டன. அங்கே நடலாம் என்றது நான்தான். நிழலில் முளைத்து வளரும் கன்று, பனி நேராக இறங்கும் புல்வெளியில் தாக்குப்பிடிக்காது. "அந்தச் சரிவில் என்றைக்குத் தம்பி மரம் இருந்தது?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அப்போதே கேட்டார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிஞ்சிய கன்றுகளைப் பள்ளத்துச் சோலையை ஒட்டி, பழைய சீகை (வாட்டில்) மரங்களின் அடியில் மாற்றி வைத்தோம். அங்கே துளிர்விட்டிருக்கின்றன.

சீகையைக் கண்டாலே கோடரி எடுக்கும் வழக்கத்தை இதற்குப் பிறகு விட்டோம். தோல் பதனிடப் பட்டை தரும் என்று அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த மரம் அது. விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்து, தீப்பட்டதும் மொத்தமாக முளைக்கும். ஆனால் முற்றிய சீகைத் தோப்புகள் சிலவற்றில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழும்பி நிற்பதைப் பார்க்கிறோம். தோப்பை மொட்டையடித்தால் அவையும் சாகும். வெயில் பட்ட மண்ணில் திரும்பவும் சீகையே வரும். ஆகவே அத்தகைய தோப்புகளைத் தொடுவதில்லை. புல்வெளிக்குள் பரவும் இளங்கன்றுகளை மட்டும், அனுமதி கிடைத்த இடங்களில், மழையில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குகிறோம்.

இடையில் ஒரு வெளியூர் நிறுவனத்தார் லாரி நிறையக் கன்றுகளும் பேனருமாக வந்து இறங்கினார்கள். புல்வெளியில் நடக் கூடாது என்றதும் முகம் வாடியது. "சும்மா கிடக்கிற இடம்தானே?" என்றார்கள். அந்தப் புல்தான் மழையைப் பிடித்துவைத்து, கோடையில் ஓடைக்குக் கசியவிடுகிறது. வடசரிவின் தண்ணீர் அமராவதிக்கும் தென்சரிவின் தண்ணீர் வைகைக்கும் போய்ச் சேர்கிறது. குறிஞ்சிக்கும் புல்வெளிதான் வீடு. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. 2030இல் பூக்க அதற்கு வெயில் விழும் சரிவு வேண்டும். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, வந்தவர்களைச் சீகை பிடுங்க அழைத்தோம். குறை சொல்ல முடியாது, மதியம்வரை நன்றாகவே உழைத்தார்கள். பேனரையும் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாற்றங்கால் வேலியைக் காட்டெருமைகள் இருமுறை சாய்த்தன. மூன்றாம் முறை கட்டுவதா, நாற்றங்காலையே வேறு இடத்துக்கு மாற்றுவதா என்பதை இன்றே பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து; இப்போதுள்ள இடம் காட்டெருமைகளின் பழைய தடம்.

அடுத்த மழைக்கு முன் கையுறைகளும் மண்வெட்டிகளும் வாங்க வேண்டியிருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்போர் தேநீருக்கு முன்பே பொருளாளரைப் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்