நெவிலை மட்டும் திட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

அனுபவமில்லாத பயிற்சியாளர் என்றாலே எனக்கு இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து வீரர் கேரி நெவில்தான் நினைவுக்கு வருகிறார். 2015 டிசம்பரில் ஸ்பானிஷ் கிளப்பான வலென்சியா அவரைப் பயிற்சியாளராக எடுத்தபோது எந்த கிளப்புக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை, ஸ்பானிஷும் வராது. டிவியில் ஆட்டத்தைப் பிரித்து மேய்வார், இங்கிலாந்து அணியில் உதவிப் பயிற்சியாளர், அப்புறம் வலென்சியாவின் உரிமையாளர் பீட்டர் லிம்மோடு சால்ஃபோர்ட் சிட்டி என்ற இங்கிலாந்து கிளப்பில் பங்காளி, அவ்வளவுதான். ஸ்பெயினின் லீக் போட்டியான லா லிகாவில் முதல் வெற்றிக்கே பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் கோபா டெல் ரே என்ற ஸ்பெயின் கோப்பைப் போட்டியின் அரையிறுதியில் பார்சிலோனா 7-0 என்று துவைத்து எடுத்தது (சுவாரஸ் 4, மெஸ்ஸி 3, இதில் நெய்மார் பெனால்டியை வேறு வீணடித்தார்!). மார்ச் கடைசியில் வேலை போனது. சரி, கார் ஓட்டப் பழகுகிறவரிடம் மலைப்பாதையில் பஸ்ஸைக் கொடுத்தது லிம்தானே? என்னைக் கேட்டால் முதல் திட்டு அவருக்குத்தான்.

- ஒரு வாசகர்