ஊதாப் புள்ளிகளைக் காட்டிய டாக்டரம்மாவுக்கு

கோலாலம்பூர் செந்தூல் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மகன் நேற்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டான். பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி, குழந்தைகள் ரத்தநோய் நிபுணரான அந்த டாக்டரம்மாவுக்கு. போன வாரம் ஒரு மாலை, வேலை நேரம் முடிந்த பிறகு, சக்கர நாற்காலியைத் தாமே தள்ளி மகனைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப் அங்கே இருந்தது. அவனுக்குக் கண் எட்டவில்லை. எங்கெங்கோ தேடி இரண்டு தலையணைகளைக் கொண்டுவந்து, அடுக்கி உட்காரவைத்தார். கண்ணாடித் துண்டில் காலையில் எடுத்த அவனது ரத்தம். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே பொடிப்பொடியாய் ஊதாப் புள்ளிகள்.

“இவைதான் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், தம்பி. பிறர் கொடுத்தவை உடம்பில் பத்து நாளுக்குமேல் தங்குவதில்லை. உனக்குக் கடைசியாக ஏற்றி மூன்று வாரம் ஆகிறது. அப்படியென்றால் இவை யாருடையவை?”

“என்னுடையவையா?” என்றான். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று அவரைக் கேட்டான். அவன் விரல்களை மடக்கியே கணக்குச் சொன்னார்: மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, பயிற்சி மருத்துவராக 2, குழந்தை மருத்துவத்தில் முதுகலை 4, அதன்மேல் ரத்தநோய், புற்றுநோய்க்கான தனிப்பயிற்சி 3. இடையில் மருத்துவ அதிகாரியாக வேலை பார்த்த ஆண்டுகளை அவர் சேர்க்கவே இல்லை. பத்து விரல் போதாமல் என் கையையும் இழுத்து எண்ணினான். அவனுக்கு வயதே எட்டுதான். இவ்வளவு படித்தவர் ஒரு பிள்ளைக்காகத் தலையணை தேடி அலைந்தாரே, அதை நினைத்தால் இப்போதும் கண் நிறைகிறது.

இரவெல்லாம் விழித்திருந்த தாதியர், சோறு கட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, மூத்தவளைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துப்போய் வந்த மாமா, கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

முகம் தெரியாத ரத்தக் கொடையாளர்களுக்கு என்ன சொல்வது? தட்டணுப் பையைப் பொதுவாக ஐந்து நாளுக்குமேல் வைத்திருக்க முடியாதாம். அப்படியானால் மகனுக்கு ஏறிய ஒவ்வொரு பையும், அந்த வாரம்தான் யாரோ தம் வேலையை விட்டுவிட்டு வந்து கொடுத்தது. மலாய்க்காரரா, சீனரா, நம்மவரா, தெரியாது. பையில் எண் மட்டுமே இருந்தது.

நான் இதுவரை ஒருமுறைகூட ரத்தம் கொடுத்ததில்லை. வரும் சனிக்கிழமை ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய ரத்த மையத்துக்குப் போகிறேன். உடம்பு ஒத்துழைக்கும்வரை தொடர்ந்து போவேன். மகன் ஊதாப் பென்சிலால் தன் தட்டணுக்களை வரைந்து கொடுத்திருக்கிறான், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி. கூட வர விரும்புகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.